இடது கால் அளவு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. இன்றைக்கு நான் கோபமாகக் கிளம்பியிருக்கிறேன். கோபத்தில் இருப்பவனுக்கு ஜன்னல் எதற்கு? இந்தச் சுருளை மட்டும் முழங்கை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரமா என்று பார்க்கிறீர்கள். பத்திரம் இல்லை, அதைவிடப் பெரியது. பிறகு சொல்கிறேன்.

தம்பி என்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நாற்பது இருக்குமா? எனக்கு எழுபத்திரண்டு. பெயர் தாண்டவராயன். செங்கத்தில் இறங்கி, பத்திரம் தாண்டவராயன் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வந்து வழி காட்டும். சும்மா சொல்லவில்லை, ஒரு நாய் காட்டியிருக்கிறது. வந்தவர் அதற்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அது கிரீம் வைத்த பிஸ்கட்தான் வேண்டும் என்றது.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நாற்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ஒரு தடவை மடத்து யானை ஒன்று என் பத்திரத்தில் சாட்சிக் கைநாட்டு வைத்தது. தும்பிக்கை நுனியில் மை தடவி நான்தான் வைத்தேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இடது காதில் ஒரு கிழிசல்' என்று எழுதினேன். சிரிக்கிறீர்களே, சார்பதிவாளர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

அப்படிப்பட்ட என்னை ஒரு பயல் ஏமாற்றிவிட்டான். நிலத்துக்கு இல்லை, வீட்டுக்கு இல்லை. செருப்புக்கு!

கோபம் முழுக்க அவன் மேல்தான் என்று நினைக்காதீர்கள். பாகம் பிரித்து வைத்திருக்கிறேன். பொதுவில் நாலில் ஒரு பாகம் அந்தப் பயலுக்கு. ஒரு பாகம் என் மருமகளுக்கு. ஒரு பாகம் ஆம்பூர்க்காரி ஒருத்திக்கு. கடைசிப் பாகம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஏட்டுக்கு. எனக்குப் பாகம் இல்லையா என்கிறீர்களா? பத்திரம் எழுதுகிறவனுக்குச் சொத்தில் எப்போது தம்பி பாகம் கொடுத்தார்கள்?

சொல்கிறேன், கேளுங்கள்.

என் வீட்டுக்காரி பெயர் செண்பகம். ஆறு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. நாற்பத்தேழு வருஷமாக என்னோடு இருக்கிறாள், அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். கல்யாண போட்டோவிலேயே அப்படித்தான். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் செண்பகம் மேடை ஏற மாட்டாள். தாம்பூலப் பை கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். போட்டோ பார்க்கிறவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கடைக்குட்டி அரசிக்கு இப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. முப்பத்துமூன்று வயதில். இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம். மணவறைக்குச் செருப்பு ஆகாது, அது எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்துதான் எல்லாம். நான் சொல்வது வரவேற்பை. மூன்று மணி நேரம் பெண்ணோடு மேடையில் நிற்க வேண்டும். என் அண்ணி இருக்கிறாள், ஆறு மாதத்துக்கு முன்பே புடவை எடுத்துவிட்டாள். "செம்பகத்தால முடியாது, பாவம். அம்மா ஸ்தானத்துல நான் நின்னுக்கிறேன்." பாவமாம்! அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, அவள் நிற்கிறாளாம்!

செண்பகம் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் ரேஷன் கடையிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "ஒரு அம்மா வந்திருந்துச்சுங்க. என்ன மாதிரியே காலு. ஒரு செருப்புல மட்டும் அடிப்பக்கம் உசரமா வெச்சுத் தெச்சிருக்கு. சமமா நடக்குது பாருங்க."

அவ்வளவுதான். வேண்டும் என்று சொல்லவில்லை. வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. சமமா நடக்குது பாருங்க. நாற்பத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான் தம்பி, கேட்காமலே கேட்டது.

உடனே நான் போனை எடுத்தேன். என் மருமகள் ஜெயசுதா தேடிக் கொடுத்தாள் ஆம்பூரில் ஒரு கடை. ரஹீமா பானு என்று ஒரு அம்மாள் நடத்துகிறாள். இந்த மாதிரிக் கால்களுக்கென்றே அளவெடுத்துத் தைக்கிறவள். கூப்பிட்டேன். முதலில் நம்மை யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? செங்கத்தில் ஆரம்பித்து யானை வரைக்கும்தான் வந்திருப்பேன். "ஐயா, கதை வேணாம். கால் அளவு எடுத்தீங்களா?" என்றாள்.

கதை வேணாம்! என் வாழ்நாளில் எந்த ஜென்மமும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

அப்புறம் ஒரே சட்டம். அம்மாவை நேரில் கூட்டி வா. முடியாவிட்டால் வெறுங்காலோடு பேப்பர் மேல் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து வரைந்து, அந்தப் பேப்பரையே கொண்டு வா. போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாது. பேப்பரைப் பார்த்த பிறகுதான் விலை. பாதிப் பணம் முன்னால், அதுவும் கடைப் பெயரில் இருக்கிற கணக்குக்கு, பில் உண்டு. மீதி, காலில் போட்டு நடந்து பார்த்த பிறகு. பன்னிரண்டு நாள் ஆகும். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "வேற ஏதாவது உண்டுங்களா?" என்றாள். வைத்துவிட்டேன்.

அப்போதுதான் என் போனில் தானாக ஒரு விளம்பரம் வந்தது. நான் செருப்பு தேடுகிறேன் என்று போனுக்கு எப்படித் தெரிந்ததோ! அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். மதிவாணன் என்றான். குரல் தம்பி, குரல்! பாகு மாதிரி. "சொல்லுங்கய்யா, செங்கமா நீங்க? அங்க எல்லாரும் நல்லாப் பேசுவாங்களேய்யா," என்றான்.

யானையைச் சொன்னேன். "அப்புறம்?" என்றான். ஜவ்வாது மலையில் தேனீக்கள் ஒரு கட்டு முத்திரைத்தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் மெழுகு வைத்து ஒட்டியதைச் சொன்னேன். "அடேயப்பா! அப்புறம்?" என்றான். ஒன்றேகால் மணி நேரம். நடுவில் தண்ணீர் குடித்தேன், காத்திருந்தான். சொந்த மகன் என்னிடம் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான் தம்பி. கடைசியில்தான், "செருப்பு யாருக்குங்கய்யா?" என்று கேட்டான். எண்ணாயிரம். முழுப்பணமும் முன்னால். அளவுக்குப் பேப்பர்கூட வேண்டாம், போட்டோ போதும் என்றான். எவ்வளவு மரியாதையான பையன், பாருங்கள்.

ஜெயசுதா காதில் விழுந்துவிட்டது. வந்து நின்றாள். "மாமா, முழுப்பணமும் முன்னாடி கேக்கிறவன்கிட்ட எதுவும் வாங்காதீங்க. யாருன்னே தெரியாது. கடை எங்க இருக்குன்னு கேட்டீங்களா? யார் பேர்ல கணக்கு?"

"ஏம்மா, நாப்பத்தோரு வருஷம் முன்பணம் வாங்கிக் குடுத்தவன் நானு. எனக்கே சொல்லித் தர்றியா?"

"நீங்க வாங்கிக் குடுத்தப்பல்லாம் ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்திருந்தாங்க மாமா."

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. பேசினால் ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஆனாலும் நான் என்ன ஏமாளியா? முறைப்படி செய்தேன். மதிவாணனைக் கூப்பிட்டு, "தம்பி, இது கிரய ஒப்பந்தம் மாதிரி. எழுத்து வேணும். ரெண்டு சாட்சி வேணும்," என்றேன். "ஆகட்டுங்கய்யா, நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றான். வாசகத்தை நான் சொன்னேன். 'செங்கம் டவுனில் வசிக்கும் தாண்டவராயனாகிய தங்களுக்கு, மதிவாணனாகிய நான் எழுதிக் கொடுத்த செருப்பு ஒப்பந்தம் யாதெனில்' என்று ஆரம்பித்து, அசந்தர்ப்பத்தால் காலதாமதம் ஏற்பட்டால் என்ன, தோல் கிழிந்தால் என்ன, வாரிசுகள் எந்த ஆட்சேபணையும் செய்யக் கூடாது என்பது வரைக்கும் சொன்னேன். முத்திரைத்தாளில் எழுதி போட்டோ அனுப்பினான். ஒரு பிழை இல்லை. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

சாட்சிகளையும் போனில் வரவழைத்தான். முதல் சாட்சி பேசினான்: பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம். நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது சாட்சி பேசினான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருமல். அந்தப் பக்கம் தோல் தூசி அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஜெயசுதா கேட்டாள், "அந்தச் சாட்சிங்க முகத்தை நீங்க பாத்தீங்களா மாமா?" என்று. இது ஒரு கேள்வியா? நாற்பத்தொரு வருஷத்தில் நான் எந்தச் சாட்சியின் முகத்தைப் பார்த்தேன்! ஆபீஸ் எதிரில் டீக்கடையில் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு டீ, ஒரு பன். கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கு, எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாட்சி என்றால் அதுதான் சாட்சி. அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் பாதி செங்கம் இன்றைக்கு வீடு கட்டிக் குடியிருக்கிறது!

பணம் அனுப்பப் போனேன். எண்ணைப் போட்டதும் போனில் தேவகலா என்று ஒரு பெயர் வந்தது. நானும் கவனித்தேன் தம்பி, எனக்குக் கண் தெரியும். கேட்டேன். "என் வீட்டுக்காரங்கய்யா. வர்ற பணமெல்லாம் அவங்க பேர்லதான்," என்றான். சம்பாதிப்பதை மனைவி பெயரில் வைக்கிறவன் கெட்டவனாக இருப்பானா? எத்தனை சொத்தை நான் மனைவி பெயருக்கு எழுதியிருக்கிறேன்! நெகிழ்ந்துபோய் எண்ணாயிரத்தையும் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் செருப்பின் போட்டோ வந்தது. பழுப்புத் தோல், பக்கத்தில் பக்கிள். அழகு என்றால் அழகு. ஆனால் உயரம் வைத்திருந்தது வலது செருப்பில். பிடித்தேன் அவனை! "தம்பி, என் வீட்டுக்காரிக்கு இடது காலு," என்றேன். "ஐயா, போட்டோ கண்ணாடி மாதிரி. வலதும் இடதும் மாறித் தெரியும். நேர்ல சரியா இருக்கும்," என்றான். ஆமாம் அல்லவா? நியாயம்தானே? அதோடு, கூரியர் பத்திரமாக வர ஒரு மூவாயிரம் கட்டினால் பெட்டி கைக்கு வந்ததும் திரும்பி வந்துவிடும் என்றான். அனுப்பினேன்.

ஜெயசுதா அந்தப் போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மாமா, பின்னாடி சுவத்துல காலண்டர் இருக்கு. எழுத்து நேராத்தான இருக்கு? செருப்பு மட்டும் எப்பிடித் திரும்பும்?" என்றாள்.

அந்தக் காலண்டரைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

இதற்குள் நான் வேறொன்று செய்திருந்தேன். அவன் போட்டோ போதும் என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று செண்பகத்தைப் பேப்பர் மேல் நிற்க வைத்து வரைந்த அளவை, முத்திரைத்தாளில் போட்ட விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவைத்தேன். காலண்டரைப் பார்த்த மறுநாளே அந்தத் தபால் திரும்பி வந்தது. அப்படி ஒரு கதவு எண்ணே இல்லையாம். மழையில் ஊறி, பென்சில் கோடு பரவி, செண்பகத்தின் பாதம் மடத்து யானையின் பாதம் மாதிரி ஆகியிருந்தது. மதிவாணனைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். அவனுக்கு நான் இன்னும் கிணற்றுக்குள் விழுந்த சார்பதிவாளர் கதையைச் சொல்லவே இல்லை!

ஜெயசுதா அப்போதே சொன்னாள், பண மோசடிக்கென்று ஒரு உதவி எண் இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள், பணத்தை வழியிலேயே நிறுத்துவார்கள் என்று. எனக்குப் போனில் புகார் சொல்லிப் பழக்கமில்லை. நேரில் போய் விவரமாகச் சொல்லலாம் என்று நாலு நாள் யோசித்து, வாசகம் தயார் பண்ணிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே ஒரு ஏட்டு. தெரிந்தவர்தான். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினார். வெறும் செருப்பு என்று சொன்னால் கேஸில் கனம் இருக்காது என்று நான் கொஞ்சம் சேர்த்தேன். சாட்சிகள் ஏழு பேர் என்றேன். அவன் பேசும்போது பின்னால் கப்பல் சங்கு ஊதியது என்றேன். கடத்தல் கும்பல் என்றேன். ஏட்டு பேனாவை மூடினார். "பெரியவரே, போன வருஷம் உங்க வீட்டு மாடியில ஹெலிகாப்டர் இறங்குச்சுன்னு சொன்னீங்களே, அது திரும்பப் போயிடுச்சா?" என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கையில் விலங்கு போட்டிருந்த ஒருவன்கூடச் சிரித்தான்.

நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லப் போனேன் தம்பி. அதற்குச் சிரித்தார்கள்.

அதுகூடப் போகட்டும். வீட்டுக்கு வந்தேன். செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பு வராது, ஏமாந்துவிட்டேன் என்றேன். தலை நிமிரவில்லை.

"ஏமாத்தினது யாரு? நீங்க ஆர்டரே குடுக்கலதான?" என்றாள்.

"என்ன செம்பகம்?"

"பரவால்லீங்க. யானை, தேனீன்னு எவ்வளவோ கேட்டிருக்கேன். இதையும் கேட்டுக்குறேன். ஆனா இல்லாத செருப்புக்கு என்னை எதுக்குப் பேப்பர் மேல நிக்க வெச்சீங்க?"

முத்திரைத்தாள் போட்டோவைக் காட்டினேன். சிரித்தாள். "இது உங்க வாசகம்தான? 'யாதெனில்', 'வாரிசுகள்'... வேற யாரு எழுதுவா இப்பிடி?"

சொல்லுங்கள் தம்பி, இதற்கு நான் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? பணம் போனது போகட்டும். அவள் மேடை ஏறாவிட்டால்கூடப் போகட்டும். நாற்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவை கேட்டாள். அதற்கு நான் கதை சொன்னேன் என்று நினைக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மதிவாணன் மட்டும் என் கையில் கிடைத்தால்... என்ன செய்வேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இன்றைக்குக் காலையில் ஆம்பூர்க்காரியை மறுபடி கூப்பிட்டேன். வேறு வழி? "பேப்பர் கொண்டுவாங்க ஐயா. இன்னிக்கு வந்தா இருபதாம் தேதிக்குள்ள ஆகும். நாளைக்குன்னா ஆகாது," என்றாள். நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு பாகம் கோபம் தகும்.

உடனே செண்பகத்திடம் மறுபடி பேப்பரை விரித்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே உட்கார்ந்து வரைந்தேன். முடித்ததும், "அரசியோட மனசு நோகக் கூடாதுன்னு நிக்கிறேன். உங்களுக்காக இல்ல," என்றாள். பாதத்தின் நடுவில் ஒரு பொட்டு ஈரம், பாருங்கள், இதோ. பென்சில் பிடித்தபோது என் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது.

இது திருப்பத்தூர் ஸ்டாண்டா? வந்துவிட்டோமா? பத்து நிமிஷம் நிற்பான். நான் இறங்கிப் போய்விட்டு வந்துவிடுகிறேன், இந்த வயதில் அடக்க முடியாது. நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள் தம்பி. கோபத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆம்பூர் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு எப்படி வருவது என்று அந்த அம்மாள் எழுதி அனுப்பியிருப்பாள். இந்தாருங்கள் போன். படித்து இந்தச் சீட்டில் பெரிய எழுத்தாக எழுதி வையுங்கள். திறக்கிற எண் ஒன்று, ஒன்பது, ஏழு, எட்டு. எங்கள் கல்யாண வருஷம். பணம் அனுப்பவும் அதேதான். அரசி செருப்புக்கென்று போட்ட பணம் அதில்தான் இருக்கிறது. ஒரு கிழவனுக்கு எதற்கு இரண்டு எண்?

அட, என்ன தயக்கம்? வாங்கிக்கொள்ளுங்கள். ஜெயசுதா ஆயிரம் சொல்லுவாள். எனக்கு ஆள் தெரியாதா? செங்கத்திலிருந்து இங்கே வரைக்கும் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடாமல், "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். கதை கேட்கத் தெரிந்தவன் ஒருத்தனை ஏமாற்ற மாட்டான்.

சுருளையா? வேண்டாம், வேண்டாம். கையை எடுங்கள் தம்பி. பையும் இருக்கட்டும், குடையும் இருக்கட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன். கக்கூஸ் வரைக்கும் இதற்கு என்ன வேலை என்று பார்க்கிறீர்களா? பார்த்தால் பாருங்கள். ஒரு பேப்பர் மழையில் போயிற்று. இது இரண்டாவது. மூன்றாவது தடவை அவளை நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. இதை நம்பி நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன்.